அசிசியின் புனித பிரான்சிஸ்: இறைவனின் மாறா அன்பும் சமாதான வாழ்வும்



இறைவனின் அன்பு என்றும் மாறாதது என நீங்கள் சிறுவயது முதல் கற்று வந்துள்ளீர்கள். பரீட்சையில் இதனை எழுதுவதும் உங்களுக்குக் கடினமன்று. ஆனால் இவ்வன்பை உண்மையாகவே நம்பும் ஒருவர், தம்மை வெறுப்பவரோடும் தாம் வெறுப்பவரோடும் எவ்வாறு வாழ்வார் என்று கேட்டால் விடையளிப்பது எளிதல்ல. அதற்குச் சிறந்த உதாரணமாக விளங்குபவர் அசிசியின் புனித பிரான்சிஸ் ஆவார். அவரது வாழ்க்கையைக் காலவொழுங்கில் கற்போம். நிகழ்வுகளை மனனம் செய்வதுடன் நின்றுவிடாது, ஒவ்வொரு நிகழ்வும் அடுத்த நிகழ்வுக்கு எவ்வாறு வழிவகுத்தது என்பதையும் கவனியுங்கள்.

1. பிறப்பும் இளமைப் பருவமும்

பிரான்சிஸ் 1181 அல்லது 1182ஆம் ஆண்டில் இத்தாலியின் உம்பிரியாப் பிரதேசத்திலுள்ள அசிசி நகரில் பிறந்தார். தந்தை பியேத்ரோ பெர்னார்தோனே ஒரு செல்வந்தப் புடைவை வணிகர். தாயார் பீக்கா. பிள்ளைக்குத் திருமுழுக்கில் ஜொவான்னி, அதாவது யோவான், என்று பெயரிடப்பட்டது. வணிகத்தின் பொருட்டுப் பிரான்சுக்குச் சென்றிருந்த தந்தை திரும்பி வந்து, அந்நாட்டின் மீதிருந்த விருப்பினால் மகனைப் பிரான்செஸ்கோ என அழைத்தார். அப்பெயரே நிலைத்தது.

இளைஞரான பிரான்சிஸ் தந்தையின் கடையில் வேலை செய்தார். விருந்து, பாட்டு, அழகிய ஆடை ஆகியவற்றில் நாட்டங்கொண்டு, நண்பர்களுக்காகப் பணத்தைத் தாராளமாகச் செலவிட்டார். போர்வீரனாகிப் பிரபுப் பட்டம் பெற வேண்டுமென்பது அவரது கனவாக இருந்தது.

அக்கால அசிசி அமைதியான நகரமன்று. நகரின் பிரபுக்கள் பெரியோர் எனவும் ஏனைய மக்கள் சிறியோர் எனவும் அழைக்கப்பட்டனர். 1198இல் மக்கள் கிளர்ந்தெழுந்து நகருக்கு மேலிருந்த கோட்டையைத் தகர்த்தனர். பிரபுக்கள் பலர் அயல் நகரான பெருஜியாவுக்குத் தப்பியோடினர். இதனால் இரு நகரங்களுக்குமிடையே பகை முற்றியது. 1202இல் கொல்லெஸ்திராதா என்னுமிடத்தில் நடந்த போரில் அசிசி தோல்வியுற்றது. அதில் பங்குபற்றிய பிரான்சிஸ் சிறைப்பிடிக்கப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு பெருஜியாச் சிறையில் கிடந்தார். நோயாளியாகவே வீடு திரும்பினார்.

மாணவர்களே, இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சமாதானத்தைப் போதித்தவர் போரை அறியாதவர் அல்லர். வாளேந்திப் போரிட்டு, தோற்று, சிறையில் வாடியவரே அவர்.

2. மனமாற்றம்

உடல்நலம் தேறியதும் அவர் மீண்டும் போருக்குப் புறப்பட்டார். இத்தாலியின் தென்பகுதியில் நடந்த போரில் சேர்வதற்காகச் சென்றவர், ஸ்பொலேற்றோ நகரில் ஒரு கனவின் பின் திரும்பி வந்துவிட்டார். ஊராரின் ஏளனத்துக்கு ஆளாக நேரிடும் என்பதை அறிந்தும் அவர் திரும்பினார். அதன்பின் தனிமையிலும் செபத்திலும் அதிக நேரத்தைக் கழித்தார்.

அவருடைய மாற்றத்தின் திறவுகோல் தொழுநோயாளரைச் சந்தித்தமையாகும். அக்காலத்தில் தொழுநோயாளர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். பிரான்சிஸ் அவர்களைக் கண்டால் அருவருப்புடன் விலகிச் செல்வது வழக்கம். ஒருநாள் வழியில் எதிர்ப்பட்ட தொழுநோயாளர் ஒருவரைக் கண்டு ஓடாமல், குதிரையிலிருந்து இறங்கி, காசு கொடுத்து, அவரது கையை முத்தமிட்டார். பின்னர் அவர்கள் வாழ்ந்த இடத்துக்கே சென்று பணிபுரிந்தார். தாம் இறப்பதற்குச் சற்று முன் 1226இல் எழுதுவித்த இறுதிச் சாசனத்தில், தமது புதிய வாழ்வின் தொடக்கமாக இதனையே பிரான்சிஸ் குறிப்பிடுகின்றார். அவர்களிடையே தம்மை அழைத்துச் சென்றவர் ஆண்டவரே என்றும், முன்பு கசப்பாயிருந்தது பின்பு இனிமையாக மாறியது என்றும் அதில் கூறுகின்றார்.

இங்கு இறைவனின் அன்பும் மனிதரோடுள்ள சமாதானமும் ஒன்றாக இணைவதைக் காணலாம். எவரும் விரும்பாதவரையும் இறைவன் விலக்குவதில்லை என்பதை உணர்ந்தபோது, தாமும் எவரையும் விலக்க முடியாது என்று பிரான்சிஸ் கண்டுகொண்டார்.

3. தந்தையுடன் ஏற்பட்ட பிரிவு

அசிசிக்கு வெளியே இடிந்த நிலையிலிருந்த சான் தமியானோ ஆலயத்தில் செபித்தபோது, அங்கிருந்த சிலுவையிலிருந்து தம் இல்லத்தைச் செப்பனிடுமாறு கிறிஸ்து பணித்ததாகப் பிரான்சிஸ் உணர்ந்தார். அவர் அதனை அந்தக் கட்டடத்தைக் குறித்த கட்டளையாகவே விளங்கிக்கொண்டார். தந்தையின் கடையிலிருந்த புடைவைகளையும் தம் குதிரையையும் பொலிஞோ நகரில் விற்று, அப்பணத்தை ஆலயக் குருவிடம் கொடுக்கச் சென்றார். தந்தையின் கோபத்துக்கு அஞ்சிய குரு பணத்தை ஏற்கவில்லை.

பியேத்ரோ கடுஞ்சினங்கொண்டு மகனை வீட்டில் அடைத்து வைத்தார். பின்னர் 1206இல் அசிசி ஆயர் குயிதோவின் முன்னிலையில் வழக்குரைத்தார். பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் முன் வைத்தார். இனி விண்ணகத் தந்தையையே தம் தந்தை எனக் கொள்வதாக எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார்.

இந்நிகழ்வைப் பிரான்சிஸின் வெற்றியாக மட்டும் எழுதிவிடக் கூடாது. பியேத்ரோ அன்று பணத்தைப் பெற்றுக்கொண்டு மகனை இழந்து வீடு திரும்பினார். அதன்பின் வீதியில் மகனைக் காணும்போதெல்லாம் அவர் சபித்தார் என்றும், அச்சாபத்தின் வேதனையைத் தாங்க பிரான்சிஸ் ஓர் ஏழை முதியவரைத் தம்முடன் அழைத்துச் சென்று ஆசீர்வதிக்கச் செய்தார் என்றும் ஆரம்பகால வரலாறுகள் கூறுகின்றன. தந்தையும் மகனும் மீண்டும் ஒப்புரவாகினர் என்ற குறிப்பு அவ்வரலாறுகளில் இல்லை. பலரைச் சமாதானப்படுத்திய புனிதரின் வாழ்விலும் ஆறாத ஒரு காயம் இருந்தது. இறைவனின் மாறா அன்பு என்பது துன்பமே நேராது என்ற வாக்குறுதியன்று. மனித அன்பு உடைந்த இடத்திலும் கைவிடாத அன்பு என்பதே அதன் பொருள்.

4. சிறிய சகோதரர் சபை

பிரான்சிஸ் தம் கைகளாலேயே சான் தமியானோ உட்பட மூன்று சிறிய ஆலயங்களைத் திருத்தினார். அவற்றுள் ஒன்று போர்சியுங்குலா எனப்படும் மரியன்னை ஆலயம். அங்கு ஒருநாள் திருப்பலியில், இயேசு சீடர்களைப் பணமோ பையோ இன்றி அனுப்பிய நற்செய்திப் பகுதியைக் கேட்டார். அதனை அப்படியே வாழத் தீர்மானித்தார். செல்வந்தரான பெர்னார்து, சட்டம் கற்ற பியேத்ரோ கத்தானி, எஜீதியோ முதலியோர் அவருடன் இணைந்தனர். 1209இல் அல்லது 1210இல் அவர்கள் உரோமுக்குச் சென்று பாப்பரசர் 3ஆம் இன்னசென்றிடம் வாய்மொழி அங்கீகாரம் பெற்றனர். 1212இல் அசிசியின் பிரபு குலப் பெண்ணான கிளாரா இதே வாழ்வைத் தழுவினார். அவரிலிருந்து பெண்களுக்கான துறவற சபை தோன்றியது.

பிரான்சிஸ் தம் சபைக்குச் சிறிய சகோதரர் என்று பெயரிட்டார். பெரியோரும் சிறியோரும் மோதிக்கொண்ட நகரில், எல்லோரிலும் சிறியோராக வாழ்வதை அவர்கள் தாமாகவே தெரிந்துகொண்டனர். சபையில் சேர்ந்த பிரபுவும் உழவனும் ஒருவருக்கொருவர் சகோதரராயினர்.

உடைமைகள் எதுவுமின்றி வாழ்வது மிகக் கடினம் என்று ஆயர் ஒருமுறை எச்சரித்தார். உடைமைகள் இருந்தால் அவற்றைக் காக்க ஆயுதங்கள் தேவைப்படும், அவற்றால் வழக்குகளும் சண்டைகளும் தோன்றி இறையன்புக்கும் பிறரன்புக்கும் தடையாகும் என்று பிரான்சிஸ் விளக்கினார். எனவே அவரது ஏழ்மை சமாதானத்தோடு நேரடித் தொடர்புடையது. சகோதரர்கள் எவ்வீட்டில் நுழைந்தாலும் முதலில் சமாதானம் வாழ்த்த வேண்டும் என்று அவர் விதித்தார். குடும்ப வாழ்வில் இருந்துகொண்டே அவரைப் பின்பற்றிய இல்லறத்தார்க்கு 1221இல் வகுக்கப்பட்ட ஒழுங்கு, எவருக்கும் எதிராகக் கொலைக் கருவிகளை ஏந்தக் கூடாது என்று கூறியது. பிரபுக்களின் போர்களுக்கு ஆட்களைத் திரட்டிய அக்காலத்தில் இது சாதாரண கட்டளையன்று.

5. சுல்தானைச் சந்தித்தல் – 1219

பிரான்சிஸின் வாழ்வில் மிகத் துணிவான செயல் இதுவாகும். ஐந்தாவது சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கிறிஸ்தவப் படைகள் எகிப்தின் நைல் நதி முகத்துவாரத்திலுள்ள தமியெற்றா நகரை முற்றுகையிட்டிருந்தன. 1219ஆம் ஆண்டு பிரான்சிஸ் அம்முகாமை அடைந்தார். அங்கு போரின் கொடுமையை நேரில் கண்டார். ஓகஸ்ட் 29ஆம் திகதி நடந்த தாக்குதலில் சிலுவைப் படையினர் பேரிழப்புடன் தோற்றனர். அத்தாக்குதல் வேண்டாமென்று பிரான்சிஸ் முன்னரே எச்சரித்ததாகவும், படையினர் அவரை நகைத்ததாகவும் அவரது முதலாவது வாழ்க்கை வரலாற்றாசிரியரான செலானோ தோமஸ் எழுதியுள்ளார்.

இதன்பின் சகோதரர் இல்லுமினாற்றோவுடன் ஆயுதமின்றி எதிரிப் படையின் எல்லையைக் கடந்தார். காவலர்கள் அவர்களைப் பிடித்துச் சுல்தான் அல்-மலிக் அல்-கமீலிடம் கொண்டு சென்றனர். இவர் புகழ்பெற்ற சலாவுதீனின் சகோதரர் மகனாவார். சுல்தான் பிரான்சிஸை மரியாதையுடன் வரவேற்று, சில நாட்கள் அவர் பேசியதைக் கேட்டு, பாதுகாப்பாகத் திருப்பியனுப்பினார். அக்காலத்தில் அம்முகாமில் இருந்த அக்கர் நகர ஆயர் யாக்கோப்பு விற்றி இதனைப் பதிவு செய்துள்ளார்.

இச்சந்திப்பினால் போர் நிற்கவில்லை. சுல்தான் கிறிஸ்தவராகவும் இல்லை. 1219 நவம்பரில் தமியெற்றா சிலுவைப் படையினர் வசமாயிற்று. 1221இல் அவர்கள் அதனை மீண்டும் இழந்தனர். அவ்வாறாயின் பிரான்சிஸின் பயணம் வீணாயிற்றா? இதனைச் சிந்தித்துப் பாருங்கள். எதிரி எனப்பட்டவரிடம் அவர் மனிதரைக் கண்டார். சுல்தானும் அவரிடம் பகைவனைக் காணவில்லை. நாடு திரும்பியபின் 1221இல் எழுதப்பட்ட சபை ஒழுங்கில் இதன் பயன் தெரிகின்றது. முஸ்லிம்களிடையே செல்லும் சகோதரர் வாக்குவாதமும் சச்சரவும் செய்யாமல், இறைவனின் பொருட்டு எல்லோருக்கும் பணிந்து, தாம் கிறிஸ்தவர் என்பதை மறைக்காமல் வாழ வேண்டும் என்று அவ்வொழுங்கு கூறுகின்றது. இறைவனுக்கு விருப்பமெனக் காணும்போது நற்செய்தியை அறிவிக்கலாம் என்பதும் அதில் உண்டு. தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலும் பிறர் நம்பிக்கையை இழிவுபடுத்தாமலும் வாழும் வழி இதுவே.

6. இறுதி ஆண்டுகள்

எகிப்திலிருந்து கண்நோயுடன் திரும்பிய பிரான்சிஸ், சபையின் நிருவாகப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தார். சபையின் இறுதி ஒழுங்கைப் பாப்பரசர் 3ஆம் ஒனோரியுஸ் 1223 நவம்பர் 29ஆம் திகதி அங்கீகரித்தார். அவ்வாண்டு நத்தார் இரவில் கிரேச்சியோ என்னும் ஊரில் தீவனத்தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை ஆகியவற்றை அமைத்துத் திருப்பலி நடைபெறச் செய்தார். இன்று நம் ஆலயங்களிலும் வீடுகளிலும் அமைக்கும் நத்தார்க் குடில் வழக்கம் பரவுவதற்கு இது பெரிதும் காரணமாயிற்று. இறைவன் ஏழைக் குழந்தையாக வந்த அன்பை மக்கள் கண்ணாற் காண வேண்டுமென்பதே அவரது நோக்கம்.

1224 செப்டெம்பரில் லவேர்னா மலையில் செபித்திருந்தபோது இயேசுவின் ஐந்து காயங்களின் அடையாளங்களை அவர் உடலிற் பெற்றார். 1225இல் ஏறத்தாழப் பார்வை இழந்து, நோயின் வேதனையோடு சான் தமியானோவில் படுத்திருந்தபோது படைப்புகளின் கீதத்தை இயற்றினார். இலத்தீனில் அன்றி மக்கள் பேசிய உம்பிரிய மொழியில் அமைந்தமையால், இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய பாடல்களில் ஒன்றாக இது மதிக்கப்படுகின்றது. ஞாயிற்றைச் சகோதரன் எனவும் நிலவையும் நீரையும் சகோதரிகள் எனவும் அதில் அழைக்கின்றார். சூரிய ஒளியைப் பார்க்க முடியாத நிலையில் சூரியனுக்காக இறைவனைப் புகழ்ந்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அக்காலத்திலேயே அசிசியில் ஒரு பெரும் பிணக்கு மூண்டது. ஆயர் நகரத் தலைவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். நகரத் தலைவரோ ஆயருடன் எவரும் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்று பறைசாற்றுவித்தார். இருவரையும் சமாதானப்படுத்த ஒருவரும் முன்வரவில்லை. படுக்கையிலிருந்த பிரான்சிஸ் இதனையறிந்து வருந்தினார். இறைவனின் அன்பின் பொருட்டு மன்னிப்போரையும் சமாதானமாகப் பொறுத்துக்கொள்வோரையும் பற்றிய புதிய அடிகளைத் தம் கீதத்திற் சேர்த்தார். நகரத் தலைவரை ஆயரில்லத்துக்கு வருமாறு கேட்டுக்கொண்டு, சகோதரரை அனுப்பி இருவர் முன்னிலையிலும் அதனைப் பாடச் செய்தார். நகரத் தலைவர் கண்ணீருடன் ஆயரின் காலடியில் விழுந்தார். ஆயர் அவரைத் தூக்கி நிறுத்தி, தாழ்மையாயிருக்க வேண்டிய பதவியிலிருந்தும் தாம் இயல்பாகவே முற்கோபி என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இருவரும் தழுவிக்கொண்டனர்.

பிரான்சிஸ் எவர் பக்கம் நியாயம் உண்டென்று தீர்ப்புக் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். இருவரும் ஒரே இறைவனால் அன்புசெய்யப்பட்டவர்கள் என்பதை நினைவூட்டினார். அதுவே போதுமாயிருந்தது.

1226 ஒக்டோபர் 3ஆம் திகதி மாலை, போர்சியுங்குலாவில் தம் விருப்பப்படி வெறுந்தரையிற் கிடத்தப்பட்ட நிலையில் பிரான்சிஸ் இறந்தார். மரணத்தையும் அவர் சகோதரி என்றே அழைத்தார். 1228 யூலை 16ஆம் திகதி பாப்பரசர் 9ஆம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது திருவிழா ஒக்டோபர் 4ஆம் திகதியாகும்.

7. பிற்காலத்தில் அவரது செல்வாக்கு

பிரான்சிஸ்கன் துறவிகள் உலகெங்கும் பரவினர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கையின் கோட்டை இராச்சியத்துக்கு வந்து பணியாற்றியவர்களுள் அவர்களும் அடங்குவர். 1979இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். 1986 ஒக்டோபர் 27ஆம் திகதி அவரது அழைப்பில் பல சமயத் தலைவர்கள் சமாதானத்துக்காகச் செபிக்க அசிசியில் கூடினர். 2013இல் தெரிவான பாப்பரசர் தமக்குப் பிரான்சிஸ் என்ற பெயரைத் தெரிந்துகொண்டார். 2019இல், சுல்தானைச் சந்தித்து 800 ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில், அவரும் அல்-அஸ்கர் பெரிய இமாமும் அபுதாபியில் மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணத்தில் ஒப்பமிட்டனர்.

8. கவனத்திற் கொள்க

• புனித பிரான்சிஸின் சமாதான மன்றாட்டு என்று நாம் பாடும் செபம் அவரால் எழுதப்பட்டதன்று. அது 1912இல் பிரான்சில் வெளியான ஒரு சஞ்சிகையிலேயே முதலில் காணப்படுகின்றது. அவரது உணர்வை எடுத்துக்காட்டுகின்றது என எழுதலாம். அவர் இயற்றினார் என எழுதக் கூடாது.
• குப்பியோ ஊரில் ஓநாயைச் சாந்தப்படுத்திய கதை அவர் இறந்து நெடுங்காலத்தின் பின் தொகுக்கப்பட்ட நூலில் உள்ளது. அதனை மரபுக்கதை எனக் குறிப்பிட வேண்டும்.
• சுல்தான் முன்னிலையில் தீயில் நடக்க முன்வந்தார் என்ற செய்தியும் பிற்கால நூலிலேயே காணப்படுகின்றது.

9. நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை

மாணவர்களே, பிரான்சிஸ் தொழுநோயாளரிடம் சென்றார், சுல்தானிடம் சென்றார், பிணங்கிய தலைவர்களிடம் தம் சகோதரரை அனுப்பினார். மூன்று இடங்களிலும் முதல் அடியை எடுத்து வைத்தவர் அவரே. மற்றவர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இறைவன் நம்மை முதலில் அன்பு செய்தார் என்று நம்புபவர், சமாதானத்திலும் முதலில் அடியெடுத்து வைப்பார்.

அவரது எல்லா முயற்சிகளும் கைகூடவில்லை. போர் தொடர்ந்தது. தந்தையின் கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. உங்கள் வகுப்பில் நீங்கள் பேசாமல் விட்ட நண்பர் ஒருவர் இருக்கலாம். வேறு மொழி பேசுபவராக, வேறு சமயத்தவராக இருப்பதால் நீங்கள் அறிய முற்படாத அயலவர் ஒருவர் இருக்கலாம். அவர்கள் எவ்வாறு பதிலளிப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. முதல் வார்த்தை பேசுவது உங்கள் கையிலேயே உள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. பிரான்சிஸின் இளமைக்காலத்தில் அசிசி நகரில் நிலவிய பிணக்குகள் யாவை?
2. தொழுநோயாளரைச் சந்தித்தமை அவரது வாழ்வில் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக.
3. ஏழ்மைக்கும் சமாதானத்துக்கும் இடையே அவர் கண்ட தொடர்பு யாது?
4. 1219ஆம் ஆண்டுச் சந்திப்பு போரை நிறுத்தாவிடினும் பயனுடையதே. இக்கூற்றை ஆராய்க.
5. ஆயரும் நகரத் தலைவரும் ஒப்புரவான நிகழ்விலிருந்து, பல இனத்தவரும் சமயத்தவரும் வாழும் சமூகத்தில் நீர் பின்பற்றக்கூடிய இரண்டு விடயங்களை எழுதுக.